அவருடைய ஒன்பது பெட்டிகள்

ஜனவரி 5

தேன் சங்கத்திலிருந்து இந்த வருஷ டைரி தபாலில் வந்திருக்கிறது. மேலே ‘திரு. மாசிலாமணி’ என்று அச்சடித்த சீட்டு. என் வீட்டுக்காரர் போய்ப் பத்தரை மாதம் ஆகிறது. சங்கத்தில் ஒருத்தனுக்கும் பெயரை வெட்டத் தோன்றவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக அவர்தான் இதில் எழுதுவார். எந்தத் தேனீப் பெட்டியில் ராணி முட்டையிடுகிறது, எந்தப் பெட்டியில் மெழுகுப்புழு, மழை எத்தனை நாள் என்று. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் இருக்கட்டும், யாருக்கும் காட்டப் போவதில்லை.

எழுத விஷயம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் அனிற்றா திரும்பிப் போகவில்லை. மருமகன் றாபின் மஸ்கட்டில் இருக்கிறார். பேத்தி அக்சாவை இங்கேயே பால்வாடியில் விட்டிருக்கிறாள். காலையில் தோசை தின்றுகொண்டே சொன்னாள்.

“அம்மா, இந்த சீசன் அப்பாக்க பெட்டிய நான் பாக்கப் போறேன்.”

“ஒனக்கு என்னத்துக்கு அது? ஒனக்கு பழக்கம் உண்டா?”

“சின்னதுல அப்பா கூடவே நின்னவ நான். இருவத்திரெண்டு பெட்டியில ஒம்பதுலதான் ஈ இருக்கு. மிச்சமெல்லாம் ஆள் பாக்காம ஓடிப் போச்சு. இதும் போயிட்டுன்னா அப்பாக்கதுன்னு என்ன இருக்கு?”

கல்லில் கிடந்த தோசை கரிந்துவிட்டது. எடுத்துக் கோழிக்குப் போட்டேன்.

ஜனவரி 8

கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். போன பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, காலை பத்தரை மணி. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தில், பெட்டிகளுக்குப் பக்கத்துப் பாறையில் சாய்ந்து கிடந்தார். நெஞ்சு அடைப்பு. வயது அறுபத்தொன்பது. டாக்டரும் அப்படித்தான் எழுதித் தந்தார். முதலில் பார்த்தது நான். கழுத்தையும் முகத்தையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கூப்பாடு போட்டேன்.

இன்று புளி உடைத்து வைத்தேன். கொட்டை எடுக்க இனி நாளைக்கு.

ஜனவரி 11

அனிற்றா முகத்துக்குப் போடும் வலைத்தொப்பியைத் தேடுகிறாள். வீடு முழுக்கக் குடைந்துவிட்டாள். எலி கொண்டுபோயிருக்கும் என்று சொன்னேன்.

ஜனவரி 12

அரிசிப் பானைக்குள் கை விட்டவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“அரிசிக்கு தொப்பி போட்டு வச்சிருக்கியளே அம்மா, அதுக்கு வெயிலு கொள்ளுமா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஈயை அடக்கப் புகை போடும் சட்டியை ஒளிக்கலாம் என்று பார்த்தால், அது இல்லாமலும் போய்விடுவாள். அது இன்னும் மோசம். சட்டியைத் தேய்த்து நானே வாசலில் வைத்தேன்.

ஜனவரி 18

அனிற்றாவுக்காக ஜெபிக்கச் சபைக் கோயிலுக்குப் போனேன். பாடகர் குழு எழுந்து ஒரு பாட்டுப் பாடியது. நல்ல பாட்டு, எங்கேயும் கேட்டதில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் சரணத்தில் பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்து, “அண்ணாச்சிக்க பாட்டு இல்லா” என்றாள். அப்போதுதான் வார்த்தையைக் கவனித்தேன். ஆமாம், அவருடைய பாட்டுதான். எனக்குத் தெரியவில்லை.

அவர் பாடியது பேஸ், நாலு குரலில் அடிக்குரல். நாற்பத்தைந்து வருஷம் வீட்டில் அந்த அடிக்குரலை மட்டும்தான் பாடிப் பார்ப்பார். ரப்பர் பால் எடுக்கும்போது, பல் தேய்க்கும்போது, மாடு குளிப்பாட்டும்போது. ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்று நின்று போகும். நான் அதுதான் பாட்டு என்று பழகிவிட்டேன். மாவாட்டும்போது நான் முணுமுணுப்பதும் அதைத்தான். இன்று பேஸ் பாட ஆள் இல்லை. மேலே ஓடுகிற மெட்டு மட்டும் ஓடியது, என்னைத் தெரியாதது போல.

குழுத் தலைவன் வந்து கை குலுக்கினான். 1994 கிறிஸ்துமஸில் இவரைத் தூணுக்குப் பின்னால் நிற்கவைத்தவன் அவன். இவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

ஜனவரி 20

ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து தோட்டம் மொட்டையாக நிற்கிறது. இனித் தளிர் வரும். கல்யாணம் முடிந்த முதல் வருஷம் அவர் ஒரு தளிரைப் பறித்து என் நாக்கில் வைத்தார். “பூவுலன்னு நினைச்சியா? எலைக்க காம்புல இருக்கு தேனு.” இலை மூன்றாகப் பிரிகிற இடத்தில் ஒரு சொட்டு இனிப்பு. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை அல்வா வாங்கிக் கொடுத்தான், எனக்கு இலை.

குளவி கூடு கட்டினாலும் கலைக்கமாட்டார். வெயில் காலத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஈ முங்காமல் நிற்கக் கூழாங்கல் போட்டு வைப்பார். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெட்டிக்குப் போவார். இவர் அடிக்குரல், அவள் மேல்குரல். ஈ எதுவும் செய்யாது. நான் சோற்றுப் பாத்திரத்தோடு வேலிப் பக்கம் நிற்பேன். இரண்டு பேரும் பாடினால் நடுவில் நுழைய எனக்கு இடம் இருக்காது. அப்பனும் மகளும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், நான் கேட்டால் “ஒண்ணும் இல்ல” என்பார்கள். எத்தனை தடவை என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 24

அனிற்றாவைப் புறங்கையில் ஈ கொட்டிவிட்டது. சுண்ணாம்பு தேய்த்துக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் முழங்கை வரை வீக்கம்.

“அப்பா எத்தன குத்து வாங்கியிருப்பாவ. ஒண்ணும் ஆவலியே. ரெண்டு குத்து வாங்கினா பழகிரும்.”

“ஆமா” என்றேன்.

ஏன் ஆமாம் என்றேன்?

அவருக்கும் முதலில் முழங்கை வரைதான்.

ஜனவரி 25

வீக்கம் வடிகிறது. மாவு அரைத்தேன். பத்து தடவை அவள் கையைப் பார்த்தேன். “என்ன, கை ஓடிப் போயிருமா?” என்கிறாள்.

ஜனவரி 31

தளிர் விட்டாயிற்று. தோட்டம் முழுக்கச் செம்புப் பாத்திரம் தொங்கவிட்டது போல் இருக்கிறது. ஈயின் இரைச்சல் அடுக்களை வரை கேட்கிறது. முன்பெல்லாம் அது காதில் விழாது, மிக்ஸி சத்தம் போல. இப்போது கொஞ்சம் நின்றால்கூடத் திடுக்கிடுகிறேன். இரைந்தாலும் பயம், நின்றாலும் பயம். அவள் பெட்டிப் பக்கம் போகும் நேரமெல்லாம் நான் அடுக்களை ஜன்னலில் நிற்கிறேன். பால் இரண்டு தடவை பொங்கிவிட்டது.

பிப்ரவரி 4

றாபின் போனில் கூப்பிட்டார். ஈ வேலை பொம்பளைக்கு வேண்டாம் என்று அவளிடம் சொல்லச் சொன்னேன். “மாமி, அவ சந்தோஷமா இருக்கா, விடுங்க” என்கிறார். நல்ல மருமகன்தான். புத்தி கொஞ்சம் குறைவு.

பிப்ரவரி 9

இன்று எழுத்து கோணலாக வரும்.

பதினொரு மணிக்கு அனிற்றா தோட்டத்திலிருந்து நடந்து வந்தாள். நடந்து என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு. காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கொட்டு. ரவிக்கையைத் தூக்கி வயிற்றைச் சொறிந்தாள். தட்டுத் தட்டாகத் தடித்திருந்தது. உதடு கொழுத்துவிட்டது. வாந்தி எடுத்தாள். “நாக்கு பெருசான மாதிரி இருக்கம்மா” என்றாள்.

நான் ஆட்டோ கூப்பிட ஓடினேன். திரும்பி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வேண்டாமாம். பித்தமாம். வெயிலாம். காலையில் ஒன்றும் தின்னவில்லையாம். ஆட்டோக்காரன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஒரு மணி நேரத்தில் தடிப்பு இறங்கியது. நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னாள்: “அம்மா, றாபின்கிட்ட சொல்லிராதிய. பெட்டிய வித்துரச் சொல்லுவாரு. நமக்குள்ள இருக்கட்டும்.”

இதே வார்த்தை. இதே அடுக்களையில்.

14-ஆம் தேதி தேன் எடுக்கப் போகிறாளாம்.

பிப்ரவரி 10

அக்சாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அனிற்றா தூங்குகிறாள். ஜனவரி எட்டில் எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும். பொய்யும் இந்த வீட்டில் நடந்ததுதானே.

போன வருஷம் ஜனவரி 14. ஒரே ஒரு ஈ அவர் கழுத்தில் கொட்டியது. உடம்பெல்லாம் தடித்து, உதடு கொழுத்து, பேச்சு குழறிவிட்டது. ஆட்டோவில் டவுனுக்குக் கொண்டுபோனேன். ஊசி போட்டார்கள். டாக்டரம்மா என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் சொன்னார், இவருக்கு இனி ஈ ஆகாது, இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கில்லை, அடுத்த குத்தில் உயிர் போகலாம், பெட்டிப் பக்கம் போகவே கூடாது என்று. நான் தலையாட்டினேன். புரியாமல் ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னார்: “நேசம், தேனீக்காரனுக்கு ஈ ஆகாதுன்னா ஊரு சிரிக்கும். அனிற்றாகிட்ட சொல்லிராத. பெட்டிய வித்துருவா. நமக்குள்ள இருக்கட்டும்.” வேதப் புத்தகத்தில் என் கையை எடுத்து வைத்தார்.

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று ஒரு வருஷமாக என்னையே கேட்கிறேன். அவருக்காக என்று இதுவரை சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அனிற்றாவுக்குத் தெரியாமல், எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அவரிடம் வேறு என்ன இருந்தது? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

ஐந்து வாரம் அவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. முட்டுவலி என்று ஊரில் சொன்னோம். தூரத்துப் பாறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிப்ரவரி 21 காலையில் பக்கத்துத் தோட்டத்துச் சத்தியநேசன் வேலியருகே வந்தான். “அண்ணாச்சி, பெட்டியெல்லாம் நெறஞ்சு ஈ வெளிய தொங்குது. பிரிஞ்சு போயிரும். ஒங்களுக்கு முட்டு வலின்னா நான் வந்து மேல இன்னொரு தட்டு வச்சு எடமாக்கித் தாறேன்.”

அவனோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் பலாக்கிளையைக் கேட்காமல் வெட்டினான், கேட்டதற்கு எனக்கு வாய் நீளம் என்று நாலு பேர் முன்னால் சொன்னான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஜூன் மாதம் மூன்றாம் தேதி. நான் இவரிடம் திரும்பி, அவன் காதில் விழும்படியே சொன்னேன்: “எனக்க வீட்டுப் பெட்டியில அவனுக்க கை படண்டாம். ஆம்பளன்னு ஒருத்தர் இந்த வீட்டுல இருக்காருல்லா.”

அவருக்குச் சண்டை ஆகாது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அந்த அடிக்குரலில் ஏதோ பாடிக்கொண்டு போனார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு வைத்துவிட்டு வர எவ்வளவு நேரம் என்று நினைத்தேன்.

பத்தரைக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தில் மூன்று கொடுக்கு இருந்தது. அவரே எடுத்துப் பூசிய சுண்ணாம்பும் இருந்தது. மூன்றையும் நகத்தால் எடுத்தேன். சுண்ணாம்பைத் துடைத்தேன். யாராவது பார்த்தால், தெரிந்தும் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கூப்பாடு போட்டேன்.

பிப்ரவரி 11

சத்தியநேசன் வீட்டுக்குப் போனேன். அவன் ரப்பர் ஷீட் வெயிலில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையில் இருந்ததைக் கீழே வைத்தான். அவன் மனைவி உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்தாள். நான் உட்காரவில்லை.

“பெட்டி ஒம்பதையும் எடுத்துட்டு போ. எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றேன்.

“அனிற்றா நல்லா பாக்குறாளே அக்கா.”

“அவளுக்கு ஆகாது.”

அவன் கொடியில் கிடந்த ஷீட்டை இழுத்து நேராக்கினான். “அண்ணாச்சிக்கும் ஆகாதுல்லா?”

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“குளிப்பாட்டினது நான்தானே அக்கா. தடிப்பு கெடந்துது. கழுத்து அந்த மாதிரி வீங்கி இருந்துது. நெஞ்சு வலிக்கு அப்பிடி வருமா?”

“ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“நீங்க சொல்லல. நான் எதுக்கு சொல்ல? எனக்குப் பேச்சும் இல்லயே ஒங்ககூட.”

இவன் இத்தனை மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் இதைத் தெரிந்துகொண்டு நடந்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நீயே அவகிட்ட சொல்லு” என்றேன். “பெட்டியில நோவு வந்திருக்குன்னு என்னமாவது சொல்லி எடுத்துட்டு போயிரு.”

“எடுக்கேன். ஆனா ஈ வேலி பாத்துதான் பறக்குமா அக்கா? தளிரு வந்தா ஊரு முழுக்க ஈ. பிள்ளைக்குத் தெரியாட்டி பெட்டி எங்க இருந்தா என்ன? அது நீங்கதான் சொல்லணும்.”

வெட்டிய பலாக்கிளைக்கு நான் இவனை மன்னிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி.

பிப்ரவரி 12

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அவள் புகைச்சட்டிக்குத் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று பயம். டவுன் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கொடுக்கு எடுத்ததைச் சொன்னேன். அவள் மட்டையைக் கீழே போடவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அப்பா சத்தியம் வாங்கினாவ மக்கா.”

“செத்த பொறவுமா?”

நான் சிதறிய நாரைக் காலால் ஒதுக்கினேன்.

“முட்டு வலின்னு போன்ல சொன்னியளே. நான் அன்னைக்கே வந்திருப்பேன். ஒரு வண்டி புடிச்சு வந்திருப்பேன். எதுக்கு அன்னைக்கு பெட்டிக்கு போனாவ? டாக்டர் சொன்ன பொறவும் எதுக்கு போனாவ?”

இங்கே நிறுத்தியிருக்கலாம். அவருக்கு மனசு கேட்கவில்லை, அதனால் போனார் என்று சொல்லியிருக்கலாம். ஊரே நம்பும். அவளும் நம்புவாள். ஆனால் வாய் நிற்கவில்லை. எனக்கு வாய் நீளம்தான்.

“நான்தான் போகச் சொன்னேன்.”

சத்தியநேசன் வந்ததையும் நான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும். அக்சா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பாட்டி, அம்மா ஏன் வாதில அடச்சிருக்கு?” என்று கேட்டாள். பழம் உரித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13

டவுன் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால். நான் வரவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதே டாக்டரம்மா இல்லை, வேறு ஆள், சின்ன வயது. அவளுடைய தடிப்பு, வாந்தி, நாக்கு எல்லாம் கேட்டு எழுதினார்.

“வீட்ல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?”

அனிற்றா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலை எனக்கு விட்டுவைத்தாள் என்று புரிந்தது.

“இவளுக்க அப்பாக்கு” என்றேன்.

“அவங்க இப்ப எப்படி இருக்காங்க?”

“இல்ல. ஈ குத்திச் செத்துட்டாவ.”

அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. பேனா நின்றது. அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்று கட்டாயமில்லை என்றார். ஆனால் இவளுக்கு ஒன்பதாம் தேதி வந்தது சின்ன விஷயம் இல்லை, அன்றைக்கே வந்திருக்க வேண்டும், அடுத்தது இதைவிட வேகமாக வரலாம் என்றார். ரத்தம் எடுத்தார்கள். அவசரத்துக்கு ஊசி மருந்தும் மாத்திரையும் எப்போதும் கையில் இருக்கவேண்டும், கொட்டினால் ஊசியைப் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ஊசி போடுவதை நர்ஸ் இரண்டு பேருக்கும் காட்டிக் கொடுத்தாள். தொடையில் குத்தவேண்டும். என் கை நடுங்கியதால் மூன்று தடவை செய்து காட்டச் சொன்னாள். மூன்றாம் தடவை நடுங்கவில்லை.

பிப்ரவரி 14

தேன் எடுக்கவில்லை. பொழுது சாய்ந்து ஈ அடைந்தபிறகு சத்தியநேசன் பெட்டி வாசல்களை அடைத்து, ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கிப்போனான். அனிற்றா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதும் போகும் வரை நின்றாள். நான் அடுத்த ஜன்னலில் நின்றேன்.

பிப்ரவரி 17

பேசவில்லை. சாப்பிடுகிறாள். கறியில் உப்புக் குறைவு, அதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21

வருஷ ஜெபம். பந்தல் போட்டு, போதகர் வந்து, இருபது பேர் கஞ்சியும் பயறும் குடித்தார்கள். அவருடைய தங்கை குளோறி வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரே புலம்பல்.

“எனக்க அண்ணனுக்கு நெஞ்சு நோவுன்னு ஒரு வார்த்த முன்னாடியே தெரிஞ்சிருந்தா திருவனந்தபுரத்துக்கு கொண்டுபோயிருப்பேன் மைனி.”

நான் கஞ்சி விளம்பிக்கொண்டிருந்தேன். அனிற்றா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“நெஞ்சு நோவு இல்ல மாமி. ஈ குத்திச் செத்தாவ. அப்பாக்கு ஈ ஆகாது. எனக்கும் ஆகாது.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சத்தியநேசன் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டான். மீதியைச் சொல்லப் போகிறாள் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் போகச் சொன்னது என்று. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குளோறியின் கிண்ணத்தைக் கையில் வாங்கி, “மாமிக்கு இன்னும் கொஞ்சம் பயறு” என்றாள். என்னிடம் இல்லை, பொதுவாக.

சொல்லவில்லை. இனிச் சொல்லமாட்டாள் என்றும் இல்லை. என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். அது இனி அவளுடைய கையில்.

பிப்ரவரி 27

அனிற்றா என்னோடு பேசாமல் இன்றோடு பதினைந்து நாள். அக்சாவிடம் சொல்லி என்னிடம் கேட்கிறாள். “பாட்டிகிட்ட தீப்பெட்டி எங்கன்னு கேளு.” நான் அவள் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

ஒரு கிளைக்குப் பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தவளின் மகள். இது கிளை இல்லை. எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அறுபத்தேழு. கணக்கு சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன்.

காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று பையைத் திறந்து பார்த்தாள். ஊசி மருந்து இருந்தது. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். திருப்புவதற்குள் நான் உதட்டைப் பார்த்துவிட்டேன். வீக்கம் இல்லை. நல்ல நிறம். கோபத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது.